முதலுக்கு மோசமில்லையா? பரிசுப் பத்திரங்களின் வரலாறும் நமக்குரிய படிப்பினையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

"முதலுக்கு மோசமில்லை. குலுக்கலில் எண் விழுந்தால் பரிசு. விழாவிட்டாலும் போட்ட பணம் அப்படியே இருக்கிறது. இதில் என்ன தவறு?" வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் பலர் இவ்வாறு வினவக் கேட்கிறோம். பாலைவெயிலில் உழைத்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. மகளின் திருமணத்திற்கும், பெற்றோரின் மருத்துவத்திற்கும், ஒரு சிறு வீட்டிற்கும் என்று எடுத்து வைத்தது. அதனை எங்கே வைப்பது என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆகவே, பரிசுக் குலுக்கலுடன் கூடிய சேமிப்புப் பத்திரம் எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பனவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நம் கடமையாகிறது.

போர்ச் செலவுக்குப் பிறந்த திட்டம்

அரசாங்கம் மக்களிடம் கடன் பெறுவதற்காகக் குலுக்கலைப் பயன்படுத்திய புகழ்பெற்ற முன்னோடி நிகழ்ச்சி 1694ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்றது. பிரான்சுடன் நடந்த போரினால் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. இங்கிலாந்து வங்கி தோன்றியதும் அதே ஆண்டில்தான். தாமஸ் நீல் என்பவர் வகுத்த திட்டத்தின்படி, சீட்டு ஒன்று 10 பவுண்டு வீதம் 1,00,000 சீட்டுகள் விற்று, 10 இலட்சம் பவுண்டு திரட்டுவதென முடிவாயிற்று. பரிசு விழாத சீட்டுக்கும் ஆண்டுக்கு 1 பவுண்டு வீதம் 16 ஆண்டுகள் வழங்கப்படும். 2,500 சீட்டுகளுக்கு மட்டும் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 10 பவுண்டு முதல் 1,000 பவுண்டு வரை கிடைக்கும். மொத்தத்தில் எவரும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சியாகும்.

10 பவுண்டு என்பது அக்காலத்தில் எளியோருக்குப் பெருந்தொகை. எனவே தரகர்கள் ஒரு சீட்டைப் பல பங்குகளாகப் பிரித்து விற்றனர். சாமானியர்களும் பங்கு வாங்கினர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அரசு தான் கொடுக்க வேண்டிய தவணைகளைக் குறித்த காலத்தில் கொடுக்க இயலாமல் தடுமாறிற்று. கருவூலம் வறண்ட வேளையில் ஓர் அரசு மக்களின் பேராசையை நாடிச் சென்ற இந்நிகழ்ச்சி, பின்னர் வந்த திட்டங்களைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுகிறது.

1956: பிரிட்டனின் பிரிமியம் பாண்டு

இன்று உலகம் அறிந்த வடிவிலான பரிசுப் பத்திரம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் உருவெடுத்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது, மக்கள் சேமிப்பில் நாட்டமின்றிச் செலவிட்டு வந்தனர். 1956 ஏப்ரல் 17 அன்று நிதியமைச்சர் ஹெரால்டு மேக்மில்லன் தமது வரவு செலவுத் திட்ட உரையில் பிரிமியம் பாண்டு திட்டத்தை அறிவித்தார். பத்திரத்தின் விலை 1 பவுண்டு. தனித்தனியே வட்டி கிடையாது. அனைவருக்கும் சேர வேண்டிய வட்டி முழுவதும் ஒரே நிதியாகத் திரட்டப்பட்டு, மாதந்தோறும் குலுக்கலில் வெல்வோருக்குப் பரிசாக வழங்கப்படும். முதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பங்கு பெறுவோர் பணத்தை இழக்கவில்லை, சேமிக்கிறார்கள். ஆதலால் இது சூதாட்டம் ஆகாது என்பது அமைச்சரின் வாதமாகும்.

எதிர்ப்பும் கடுமையாகவே எழுந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹெரால்டு வில்சன் இதனை இழிவான பரிசுக் குலுக்கல் என்று சாடினார். கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர், உழைப்பும் பொறுப்பும் இன்றிக் கிடைக்கும் பணத்தை அரசே மக்களுக்கு ஆசைகாட்டுவதைக் கண்டித்தார். வட்டியையும் சூதையும் குறித்த கவலை முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

எதிர்ப்பையும் மீறி 1956 நவம்பர் 1 அன்று விற்பனை தொடங்கியது. முதல் நாளிலேயே 50 இலட்சம் பவுண்டுக்குப் பத்திரங்கள் விற்றன. எண்களைத் தெரிவு செய்ய 'எர்னி' என்னும் மின்னணு இயந்திரம் உருவாக்கப்பட்டது. போர்க்காலத்தில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் 'கொலோசஸ்' இயந்திரத்தை அமைத்த அஞ்சல் துறைப் பொறியாளர்களே இதையும் வடிவமைத்தனர். 1957 ஜூன் 1 அன்று நடந்த முதல் குலுக்கலில் உயர்ந்த பரிசு 1,000 பவுண்டு. 1994 ஏப்ரலில் அது 10 இலட்சம் பவுண்டாக உயர்த்தப்பட்டது. பரிசின் பெருமை செய்தித்தாள்களில் நிறைந்தது. பரிசு பெறாதோரின் பெயர்ப் பட்டியலை எந்தச் செய்தித்தாளும் வெளியிடுவதில்லை அல்லவா?

கணக்கு என்ன சொல்கிறது?

இனி மார்க்கச் சட்டத்திற்குச் செல்லுமுன், உலகியல் கணக்கையே பார்ப்போம். 2023 செப்டம்பரில் பிரிட்டனின் பரிசு நிதி ஆண்டுக்கு 4.65 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது. அப்போது ஒரு பத்திரம் ஒரு மாதக் குலுக்கலில் ஏதேனும் ஒரு பரிசை வெல்லும் வாய்ப்பு 21,000இல் ஒன்றாக இருந்தது.

100 பவுண்டு வைத்திருக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவ்விகிதத்தில் அவருக்கு மாதந்தோறும் உள்ள வாய்ப்பு 210இல் ஒன்று. அதாவது சராசரியாகப் பதினேழரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பரிசு. அதுவும் பெரும்பாலும் மிகச் சிறிய பரிசு. அவரைப் போன்ற 100 பேரில் ஏறக்குறைய 94 பேருக்கு ஓராண்டு முழுவதும் ஒன்றுமே விழாது.

இப்போது, விதி அனுமதிக்கும் உச்சவரம்பான 50,000 பவுண்டை வைத்திருக்கும் செல்வந்தரைப் பாருங்கள். அதே விகிதத்தில் அவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 28 பரிசுகள் விழும். பெரும்பாலானவை சிறு பரிசுகளே என்றாலும், பெரும்பாலான மாதங்களில் வந்து சேரும். அவருக்கு இது குலுக்கலாகவே தோன்றாது. வங்கி வட்டியைப் போல வருமானமாகவே தோன்றும்.

இங்கேதான் இத்திட்டத்தின் உட்பொருள் வெளிப்படுகிறது. ஒரே பத்திரம் செல்வந்தரின் கையில் வட்டியாகவும் ஏழையின் கையில் சூதாகவும் செயல்படுகிறது. ஏழைக்குச் சேர வேண்டிய சிறு பயன், வேறொருவரின் பெரும் பரிசுக்குள் போய் மறைகிறது. தாம் எதையும் இழக்கவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

முதலுக்கு மோசமில்லை என்பதும் பாதி உண்மையே. 1957இல் 1 பவுண்டுக்கு வாங்கிய பொருளை இன்று வாங்க 20 பவுண்டுக்கு மேல் வேண்டும். அன்று வாங்கிய பத்திரத்தைப் பரிசின்றி இன்றுவரை வைத்திருப்பவருக்கு அதே 1 பவுண்டுதான் திரும்பக் கிடைக்கும். எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் மதிப்பு கரைந்துவிட்டது. ஆண்டுதோறும் இரண்டரை சதவீதம் ஜகாத்தும் கொடுத்துவரும் ஒரு முஸ்லிமுக்கு இக்கரைவு மேலும் விரைவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் துணைக்கண்டத்தில்

பிரிட்டனின் முன்மாதிரியைப் பின்பற்றி 1960ஆம் ஆண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் பரிசுப் பத்திரங்களை வெளியிட்டன. இந்தியாவில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த காலத்தில் 5 ரூபாய், 100 ரூபாய் மதிப்புகளில் ஐந்தாண்டுப் பத்திரங்கள் வெளிவந்தன. இங்கு அவை நிலைபெறவில்லை. பின்னர் மாநில அரசுகளின் லாட்டரிச் சீட்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழகத்தில் 1968இல் தொடங்கிய அரசு லாட்டரியும், வெளிமாநிலச் சீட்டுகளும் எத்தனை கூலித் தொழிலாளர்களின் குடும்பங்களைக் குலைத்தன என்பதை நம் மூத்தோர் நன்கறிவர். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. லாட்டரியில் முதலே போய்விடும், பரிசுப் பத்திரத்தில் முதல் தங்கும் என்ற வேறுபாடு உண்மைதான். ஆயினும் இரண்டும் மனிதனின் ஒரே பலவீனத்தின் மீதே கட்டப்பட்டவையாகும்.

பாகிஸ்தானில் பரிசுப் பத்திரம் வேரூன்றி வளர்ந்தது. அங்கு 750 ரூபாய்ப் பத்திரத்தில், 10 இலட்சம் பத்திரங்கள் கொண்ட ஒவ்வொரு தொடருக்கும் ஒரு முதற்பரிசு, மூன்று இரண்டாம் பரிசுகள், 1,696 மூன்றாம் பரிசுகள் என 1,700 பரிசுகள் வழங்கப்பட்டு வந்தன. மூன்று மாதத்திற்கு ஒரு குலுக்கல். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே ஒரு பத்திரம் வைத்திருப்பவர் சராசரியாக 588 குலுக்கல்களுக்கு, அதாவது 147 ஆண்டுகளுக்குக் காத்திருக்க வேண்டும். மனித ஆயுள் அதற்குப் போதாது.

அப்பத்திரங்களில் உரிமையாளரின் பெயர் இராது. கையில் வைத்திருப்பவரே உரிமையாளர். ஆகவே கணக்கில் வராத பணத்தை மறைப்போருக்கு அவை புகலிடமாயின. பரிசு விழுந்த பத்திரத்தை அதிக விலை கொடுத்து வாங்கி, தம் கறுப்புப் பணத்தைப் பரிசுப் பணமாகக் காட்டுவோரும் தோன்றினர். இதனால் 2019இல் 40,000 ரூபாய்ப் பெயரற்ற பத்திரத்தையும், அதன்பின் 25,000, 15,000, 7,500 ரூபாய்ப் பத்திரங்களையும் அந்நாட்டு அரசு திரும்பப் பெற நேர்ந்தது. வங்கதேசத்திலும் 1974 முதல் பரிசுப் பத்திரங்கள் உள்ளன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் நடைபெறுகிறது என்பதாலேயே ஒரு திட்டம் மார்க்கத்திற்கு உடன்பாடானது ஆகிவிடாது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

உலமாப் பெருமக்களின் ஆய்வு

இப்பொருள் குறித்து மிக ஆழமான விவாதம் எழுந்த நாடு எகிப்தாகும். 1965ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டத்தின்படி எகிப்தியத் தேசிய வங்கி மூன்று வகை முதலீட்டுச் சான்றிதழ்களை வெளியிட்டது. முதல் வகையில் பயன் சேர்ந்து வளரும்; இரண்டாவதில் குறித்த காலத்தில் வழங்கப்படும்; மூன்றாவதில் வட்டி இல்லை, குலுக்கல் பரிசு மட்டுமே உண்டு.

1978 முதல் 1982 வரை எகிப்தின் முஃப்தியாகவும் பின்னர் அல்அஸ்ஹரின் ஷைகாகவும் விளங்கிய ஷைக் ஜாதுல் ஹக் அவர்கள், முதல் இரு வகைகளும் ரிபா எனத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாம் வகையை மட்டும், பரிசு தருவதாக அளிக்கப்படும் வாக்குறுதியாகக் கருதி, அதற்கு இடமுண்டு என்றார்கள். பின்னர் முஃப்தியாக விளங்கிய முஹம்மது ஸைய்யித் தன்தாவி அவர்கள் 1989 செப்டம்பரில் இச்சான்றிதழ்கள் அனைத்துமே ஆகும் என ஃபத்வா வழங்கினார்கள். முஸ்லிம் உலகில் பெரும் சர்ச்சை எழுந்தது. டாக்டர் யூசுஃப் அல்கர்ளாவி உள்ளிட்ட அறிஞர் பலர் அதனை மறுத்து எழுதினர்.

சில மாதங்களுக்குள், 1990 மார்ச்சில், பல நாட்டு அறிஞர்கள் அங்கம் வகிக்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஜித்தாவில் தனது ஆறாம் அமர்வைக் கூட்டியது. கடன் பத்திரங்கள் பற்றிய அதன் 60ஆம் தீர்மானம், பரிசுப் பத்திரங்களும் கூடாதவையே எனத் தெளிவுபடுத்தியது. பத்திரம் வாங்குவோர் உண்மையில் கடன் கொடுப்போரே. அக்கடனுக்கான கூடுதல் பயன், அவர்கள் அனைவருக்குமாகவோ அவர்களுள் யாரென்று குறிப்பிடப்படாத சிலருக்காகவோ நிபந்தனையிடப்பட்டிருக்கிறது. அத்துடன் சூதாட்டத்தின் சாயலும் அதில் கலந்துள்ளது. இவையே தீர்மானத்தின் காரணங்கள்.

நாம் மேலே கண்ட கணக்கை இத்தீர்மானத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டாகப் பார்த்தால் வட்டி, தனியாளாகப் பார்த்தால் சூது என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் கண்ட இரு முகங்களே, செல்வந்தரின் கையிலும் ஏழையின் கையிலும் நாம் கண்ட இரு முகங்கள். எண்கணிதமும் ஷரீஅத்தும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. பாகிஸ்தானிலும் இப்பத்திரங்களுள் சிலவற்றை அனுமதித்தோர் உண்டு. பத்திரம் வாங்கிய தனியொருவருக்கு எந்தப் பயனும் உறுதி செய்யப்படவில்லையே என்பது அவர்களின் வாதம். எனினும் மொத்தக் கடனுக்கும் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு, அதிலிருந்தே பரிசுகள் வழங்கப்படுவதை நோக்கும்போது, பேணுதலை நாடுவோருக்கு விலகி நிற்பதே பாதுகாப்பு.

குலுக்கலே குற்றமா?

சீட்டுக் குலுக்குவது எதுவாயினும் ஹராம் என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதைச் சீட்டின் மூலம் முடிவு செய்ததைத் திருக்குர்ஆன் (3:44) குறிப்பிடுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் தம்முடன் வரும் மனைவியைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தார்கள் என்பது ஹதீஸ்களில் பதிவாகியுள்ளது. சம உரிமை உடையவர்களிடையே முன்பின் வரிசையைத் தீர்மானிக்கும் சீட்டு நீதியானதே.

அறியாமைக் காலத்து அரபியரின் மைசிர் வேறு வகையானது. ஒட்டகத்தை அறுத்து, பங்கு குறித்த ஏழு அம்புகளும் வெற்று அம்புகள் மூன்றுமாகப் பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைச் சுமக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடுவதும் உண்டு. அந்த நற்பயன் இருந்தும் மார்க்கம் அதனைத் தடுத்தது (2:219, 5:90). நாட்டு நலனுக்குப் பயன்படுகிறதே என்று இக்காலத் திட்டங்களுக்குச் சொல்லப்படும் சமாதானத்திற்கு இதுவே விடையாகும்.

நம் ஊரிலேயே இரு உதாரணங்கள் உள்ளன. 20 பேர் சேர்ந்து மாதம் 1,000 ரூபாய் போட்டு, மாதம் ஒருவராக 20,000 ரூபாயை எடுத்துக்கொள்ளும் குலுக்கல் சீட்டில் எவருக்கும் கூடுதலில்லை, குறைவுமில்லை. சீட்டு முறையை மட்டுமே தீர்மானிக்கிறது. இது ஒருவருக்கொருவர் செய்யும் உதவி. சீட்டு விழுந்தவர் மீதித் தவணை கட்டத் தேவையில்லை என்ற பரிசுச் சீட்டுகள் வேறு. அவற்றால் மக்கள் ஏமாற்றப்படுவதை ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் ஆய்வுக்குழு 1975இல் சுட்டிக்காட்டியது. 1978இல் நாடாளுமன்றம் அவற்றைத் தடைசெய்து சட்டமியற்றியது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

மாற்று வழி

ஜித்தா தீர்மானம் தடுத்ததோடு நின்றுவிடாமல், முளாரபா அடிப்படையிலான பத்திரங்களை மாற்றாகக் காட்டியது. முதலிடுபவர் ஒருவர், தொழில் நடத்துபவர் மற்றொருவர். இலாபம் உடன்பட்ட விகிதத்தில் பங்கிடப்படும். நட்டம் வந்தால் முதலீட்டாளர் ஏற்பார். துபாயில் 2006இல் தொடங்கிய நேஷனல் பாண்ட்ஸ், 10 திர்ஹம் மதிப்புள்ள பத்திரங்களை முளாரபா அடிப்படையில் வெளியிட்டு, இலாபப் பங்குடன் பரிசுக் குலுக்கலையும் நடத்தியது. அங்குள்ள நம் சகோதரர்கள் பலர் கேட்பது இதனைப் பற்றித்தான்.

இத்தகைய திட்டத்தை வட்டிப் பத்திரத்துடன் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. எனினும் சேருமுன் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுங்கள். பணம் எந்தத் தொழிலில் முதலிடப்படுகிறது? பரிசு, நிறுவனம் தன் பங்கிலிருந்து தரும் அன்பளிப்பா, அல்லது மற்ற முதலீட்டாளர்களின் இலாபத்திலிருந்து எடுக்கப்படுவதா? பரிசை நீக்கிவிட்டால், கிடைக்கும் இலாபப் பங்குக்காக மட்டும் நீங்கள் இதில் சேர்வீர்களா? மூன்றாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது உங்கள் உள்ளமேயாகும்.

ஏற்கனவே வட்டி சார்ந்த பரிசுப் பத்திரம் வைத்திருப்போர் கலங்க வேண்டியதில்லை. மூலதனம் உங்களுக்கே உரியது என்பது இறைமறையின் தீர்ப்பு (2:279). அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பரிசாக வந்த தொகை இருப்பின், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொதுநலனுக்கோ கொடுத்துவிடுவது குறித்து உலமாக்களிடம் ஆலோசனை பெறுங்கள்.

முந்நூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகிறது. பரிசுப் பத்திரத்தில் உறுதியாக வெல்வது கடன் பெறும் அரசே. அடுத்து வெல்வது பெருந்தொகை வைக்க இயன்ற செல்வந்தர். சிறுகச் சேமிப்பவருக்கு மிஞ்சுவது காத்திருத்தல். அதே சிறுதொகையை ஒரு சகோதரனின் கடைக்குப் பங்காகவோ, கடனில் தவிக்கும் அண்டை வீட்டாருக்குக் கர்ளன் ஹஸனாவாகவோ கொடுத்தால், அதன் பயன் எண் விழுந்தவருக்கு மட்டும் என்றிராது. ஒரு மஹல்லாவில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் பெருகினால், குலுக்கலை எதிர்பார்த்துக் கிடக்கும் தேவை தானே குறையும்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், அதனை ஹலாலான வழியில் பெருக்கும் நல்லறிவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.